சீக்கோவின் பெயரும் வரட்டும்

ஆசிரியருக்கு வணக்கம். ஞாயிறு இணைப்பில் ஜமைக்காவின் ரெக்கே இசைப் பாடகர் பாப் மார்லி பற்றி வந்த கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் அவருடைய வெய்லர்ஸ் குழுவில் பாடியவர்கள், கிட்டார், பேஸ், டிரம்ஸ் வாசித்தவர்கள் என்று அத்தனை பேரையும் சொன்ன கட்டுரையாளர், 1980இல் நடந்த கடைசிச் சுற்றுப்பயணம் வரை மார்லியுடன் இருந்த தாளக் கலைஞர் ஆல்வின் ‘சீக்கோ’ பேட்டர்சனை விட்டுவிட்டார். கியூபாவின் ஹவானாவில் 1930இல் பிறந்து ஜமைக்காவில் வளர்ந்தவர், மார்லியைவிடப் பதினான்கு வயது மூத்தவர். யாருக்கும் தெரியாத பையன்களாக இருந்த வெய்லர்ஸை ஸ்டுடியோ ஒன் என்ற இசைப்பதிவு நிறுவனத்தின் முதலாளி காக்ஸன் டாட்டிடம் கூட்டிக்கொண்டு போனவரே இவர்தான், இதைவிட என்ன வேண்டும்?

ரெக்கேயின் ‘ஒன் டிராப்’ தாளத்தில் டிரம்ஸ் முதல் அடியை வாசிக்காமல் விட்டு மூன்றாவது அடியில்தான் இறங்கும். அந்த இடைவெளியில் கையால் தட்டும் காங்கா முரசும் மணியும் குலுக்கி ஒலிக்கும் ஷேக்கரும் புகுந்துதான் பாட்டை நகர்த்துகின்றன. 1977இல் வந்த ‘எக்ஸோடஸ்’ தொகுப்பைப் பல வருடம் டேப் ரெக்கார்டரில் கேட்டபோது எனக்கு இது பிடிபடவே இல்லை, நல்ல ஹெட்போனில் கேட்டபோதுதான் பாடகரின் குரலுக்குப் பின்னால் சன்னமாக ஓடும் சீக்கோவின் கைகள் தெரிந்தன.

சீக்கோ 2021 நவம்பரில், தொண்ணூறு வயதில் காலமானார். இனி இசைக் கட்டுரைகள் வெளியிடும்போது, பக்கத்தில் சிறு பெட்டிச் செய்தியாகவாவது கட்டுரையில் வரும் இசைத்தட்டில் வாசித்த எல்லோர் பெயரையும், என்ன வாத்தியம் என்பதோடு சேர்த்துப் போடுங்கள்.