விசையை இலேசாக்கும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேட்டைத் துப்பாக்கியைச் சுட விரலால் இழுக்கும் விசையை எவ்வளவு இலேசாக்குகிறோமோ அவ்வளவு குறி தப்பாது என்ற எண்ணம் பலரிடம் வேரூன்றியிருப்பதால் இதை எழுதுகிறேன். இழுவை, அதாவது விசையை இழுக்கத் தேவைப்படும் அழுத்தம், கனமாக இருந்தால், சுடும் கணத்தில் விரலின் அழுத்தமே துப்பாக்கியை ஒரு பக்கம் அசைத்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் மேசைமேல் தாங்கி வைத்துச் சுடும் போட்டியாளருக்குப் பொருந்தும் சில பத்து கிராம் இழுவை, குளிரில் விரல் மரத்து, கையுறையோடு மேடுபள்ளத்தில் நடப்பவருக்குப் பொருந்தாது. அவருக்கு ஒன்று முதல் ஒன்றரை கிலோ வரை இருப்பதே நல்லது என்பேன்.

பல துப்பாக்கிகளின் விசைப்பொறியில் ஒரு திருகு சுருள்வில்லின் இறுக்கத்தை மாற்றும். இன்னொன்று, தோட்டாவைத் தட்டி வெடிக்கச் செய்யும் சுடுமுள்ளைத் தடுத்து நிறுத்தும் கொக்கி எவ்வளவு ஆழம் பற்றியிருக்கிறது என்பதை மாற்றும். இந்த இரண்டாவதில்தான் ஆபத்து இருக்கிறது. பற்று மயிரிழையாகக் குறைந்துவிட்டால், விரலே படாமல், தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் போல்ட்டை வேகமாக மூடும்போதோ துப்பாக்கி கீழே விழும்போதோ குண்டு பாய்ந்துவிடும். ஆகவே தயாரிப்பாளரின் கையேடு அனுமதிக்காத திருகைத் தொடாமல், தேர்ந்த துப்பாக்கிப் பணியாளரிடம் கொடுப்பதே முறை. சரிசெய்த பின்னர், தோட்டா இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, போல்ட்டைப் பலமுறை ஓங்கி மூடியும், அடிக்கட்டையை ரப்பர் விரிப்பின்மேல் தட்டியும், பாதுகாப்புப் பூட்டைப் போட்டு விசையை இழுத்துவிட்டுப் பூட்டை விடுவித்தும் பார்க்க வேண்டும். இவற்றில் ஒரே ஒருமுறை சுடுமுள் விடுபட்டு முன்னே பாய்ந்தாலும் அந்தத் துப்பாக்கியைக் காட்டுக்கு எடுத்துச் செல்லவே கூடாது.

இப்படிக்கு,
துப்பாக்கி உரிமம் பெற்ற வாசகர்