கானையும் குப்பையையும் ஒரே பைலில் போடுங்கள்: தவிசாளருக்கு ஒரு கோரிக்கை மனு

கௌரவ பிரதேச சபைத் தவிசாளர் அவர்களுக்கு,
பிரதிகள்: பிரதேச செயலாளர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், எங்கள் தோட்ட முகாமையாளர்

ஐயா, வணக்கம்.

போன வருசம் இரண்டு கடிதம் கொடுத்தோம். ஒன்று பஜார்க் கான், அதாவது மழைத்தண்ணீர் வடிகால், அடைத்துக் கிடப்பதைப் பற்றி, மற்றது குப்பை ட்ராக்டர் தோட்டத்துக்குள் வராததைப் பற்றி. முதலாவது தொழில்நுட்ப உத்தியோகத்தர் மேசைக்குப் போனது, இரண்டாவது சுகாதாரப் பகுதிக்குப் போனது, இரண்டுக்கும் "கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது" என்று ஒரே பதில்தான் வந்தது, திகதி மட்டும் வேறு. இந்த முறை இரண்டையும் ஒரே மனுவில் எழுதுகிறோம். எங்கள் லயத்துக்குள், தோட்டத்து வரிசை வீடுகளுக்குள், அவை ஒன்றாகத்தான் வருகின்றன.

எங்கள் இடம் உங்களுக்குத் தெரியும், தேர்தல் நேரம் வந்திருக்கிறீர்கள். இதை வட்ஸ்அப்பிலும் போடப்போகிறோம், அதனால் மற்றவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். மேலே தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கு லயங்கள், அதற்குக் கீழே பஜார், பஜார் முடியும் ரோட்டு வளைவில் ஒரு மதகு, மதகுக்குக் கீழே எங்கள் மூன்று லயம், லயத்துக்குக் கீழே நாங்கள் தண்ணீர் பிடிக்கிற பீலி, பீலிக்குக் கீழே ஓடை. ஓடை போய் கொத்மலை ஓயாவில் விழுகிறது. பஜாரில் விழுகிற மழை, கடைக் கூரை, சீமெந்து முற்றம், தார் ரோடு எல்லாவற்றிலும் வழிந்து அந்த ஒரே கானுக்குள் போய், அந்த ஒரே மதகுக்குள் நுழையவேண்டும். என் சின்ன வயதில் பஜாரில் ஏழெட்டுக் கடைதான், மிச்சமெல்லாம் புல். இப்போது புல் இல்லை, கானும் மதகும் மட்டும் அதே அளவில் இருக்கின்றன.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நாடு முழுக்க 600க்கு மேற்பட்ட உயிர் போனது, அதில் பெரும்பகுதி நம் மலைநாட்டில். எங்கள் பக்கம் மண்சரிவு வரவில்லை, சாமி புண்ணியம். ஆனால் 27ஆம் திகதி இரவு மதகு அடைத்துத் தண்ணீர் ரோட்டுக்கு மேலாக ஏறி, நேராக இரண்டாம் லயத்து இஸ்தோப்புக்குள், வீட்டு முன்திண்ணைக்குள், இறங்கியது. நான்கு காம்பரா வீடு. அரிசி, பிள்ளைகளின் கொப்பி, மெத்தை, ஒரு அக்கா சீட்டுக் காசில் வாங்கிய தையல் மெசின், எல்லாம் கறுத்த தண்ணீரில். மழைத் தண்ணீர் என்று சொல்கிறோம், ஆனால் அதில் கோழிக்கடை வாடை அடித்தது. மூன்று நாள் டெட்டோல் போட்டுக் கழுவியும் சுவர் அந்த வாடையை விடவில்லை.

புயல் மழையை எந்தக் கானும் தாங்காது என்று உங்கள் உத்தியோகத்தர் சொன்னார். சரி, ஒப்புக்கொள்கிறோம். அதற்கு ஆறு மாதம் முன்னால் மே மாதத்துச் சாதாரண மழைக்கும் இதே மதகு இரண்டு தடவை வழிந்ததே, அதற்கு எந்தப் புயல் காரணம்?

மழை விட்ட பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை நானும் பக்கத்துக் காம்பராத் தம்பிமார் இரண்டு பேரும் மம்பட்டியும் கொக்கிக் கம்பும் எடுத்துக்கொண்டு மதகுக்குள் இறங்கினோம். (நான் த்ரீவீலர் ஓட்டுகிறவன், அன்று ஹயர் இல்லை.) குனிந்துதான் போகலாம். வாயில் ஒரு உரப்பை, அதற்குள் கோழி இறகும் குடலும். அதை இழுத்ததும் பின்னால் அடுக்கடுக்காக வந்தது: பிஸ்கட் உறை, யோகட் கோப்பை, சோடாப் போத்தல், சோறு சுற்றுகிற லஞ்ச் சீட், ஒற்றைச் செருப்பு, தண்ணீர் குடித்துத் தலையணை மாதிரி ஊதிப்போன பிள்ளைகளின் பம்பர்ஸ். எல்லாவற்றுக்கும் இடையில் மேல்மலையிலிருந்து இறங்கிய சிவப்பு மண். வெறும் பொலித்தீன் என்றால் தண்ணீர் தள்ளிக்கொண்டு போய்விடும், வெறும் மண் என்றால் கரைந்துவிடும், இரண்டும் சேர்ந்தால் கொங்கிறீட் மாதிரி இறுகிவிடுகிறது ஐயா, மம்பட்டி துள்ளுகிறது. இதைத்தான் நீங்கள் இரண்டு பைலாகப் பிரித்து வைத்திருக்கிறீர்கள். 14 உரப்பை நிறைய எடுத்தோம். எடுத்ததை எங்கே போடுவது என்று தெரியவில்லை. ரோட்டோரம் அடுக்கி வைத்தோம், ட்ராக்டர் வரவில்லை, நாய் இழுத்தது, அடுத்த மழைக்குப் பாதி திரும்பக் கானுக்குள் போய்விட்டது.

அந்த மண் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லவேண்டும். எங்கள் தாத்தா காலத்தில் கான் வெட்டுவது தோட்டத்தில் ஒரு தனி வேலை. தேயிலை மலைக்குக் குறுக்காக லேசான சரிவில் கான் எடுத்து, இடையிடையே குழி விடுவார்கள், மண் குழியில் தங்கும், தண்ணீர் மட்டும் மெதுவாக ஓடைக்குப் போகும். தங்கின மண்ணை அள்ளித் திரும்பத் தேயிலைத் தூருக்கே போடுவார்கள். இப்போது அந்த வேலைக்கு ஆளே போடுவதில்லை. மலை பாதி காடாகிக் கிடக்கிறது, கான் எல்லாம் தூர்ந்துவிட்டது, மழை பெய்தால் தண்ணீர் மலையை நேராக வழித்துக்கொண்டு வருகிறது. இது தோட்டத்தின் வேலை, சபையின் வேலை இல்லை என்பது எங்களுக்கும் தெரியும். அதனால்தான் முகாமையாளருக்கும் பிரதி போட்டிருக்கிறோம். உங்களையும் அவரையும் ஒரே மேசையில் உட்காரச் சொல்லுகிற அதிகாரம் எங்களுக்கு இல்லை, பிரதேச செயலாளருக்கு இருக்கிறது, அதனால் அவருக்கும் ஒன்று.

ஆனால் "தோட்டம் எங்கள் பொறுப்பில் வராது" என்ற பழைய பதில் மட்டும் வேண்டாம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு பழையபடி இருந்த காலத்தில் அந்தப் பதிலுக்கு ஒரு சாட்டு இருந்தது. தோட்டம் கம்பனி இடம், சபைக் காசை அங்கே செலவழிக்க ஏலாது என்று கையை விரித்தார்கள், வாக்குக்கு மட்டும் லயம் லயமாக வந்தார்கள். 2018இல் அந்தப் பிரிவைத் திருத்தியாகிவிட்டது. தோட்டத்துக்குள்ளும் சபை வேலை செய்யலாம். அதே சட்டத்தில் வீதிக் குப்பை, வீட்டுக் குப்பையை அகற்றுவது சபையின் கடமை என்று இருக்கிறது, அகற்றின குப்பை சபையின் சொத்து என்றுகூட எழுதியிருக்கிறது. உங்கள் சொத்துதான் ஐயா எங்கள் பீலியில் மிதக்கிறது.

எல்லாப் பழியையும் பஜார் தலையில் போடவும் நாங்கள் வரவில்லை. மதகில் கிடந்த பம்பர்ஸ் கடைக்காரர் கட்டியதில்லை, அது மேல்கணக்கு லயங்களிலிருந்து வந்தது, அங்கே என் சொந்தக்காரரும் இருக்கிறார்கள். எங்கள் லயத்திலும் இருட்டினதும் ஓடைக்குள் பையை வீசுகிறவர்கள் உண்டு. யார் என்றும் தெரியும், இங்கே எழுதப்போவதில்லை. வீசாமல் என்ன செய்வது என்று அவர்கள் கேட்டால் எனக்குப் பதில் இல்லை. கொளுத்தினால் பனிமூட்டத்தில் அந்தப் புகை மேலே போகாது, லயத்தையே சுற்றிக்கொண்டு நிற்கும், மூன்றாம் காம்பராவில் இழுப்பு வருகிற பிள்ளை இருக்கிறது. புதைத்தால் அடுத்த வருசம் கிழங்கு நடும்போது மம்பட்டியில் வருகிறது.

நாங்கள் கேட்பது ஒன்றும் பெரிய செலவு இல்லை. பஜாருக்கு வருவதுபோல எங்களுக்குத் தினமும் ட்ராக்டர் வேண்டாம். சோற்றுக் கழிவு, மரக்கறித் தோல் எல்லாம் மாட்டுக்கும் கோழிக்கும் போய்விடுகிறது, மிஞ்சுவது மரக்கறித் தோட்டத்துப் பசளைக் குழிக்குப் போகிறது. லயத்தில் நாறுகிற குப்பை என்று பம்பர்ஸ் தவிர ஒன்றும் பெரிதாக மிஞ்சுவதில்லை. மிஞ்சுவது பிளாஸ்டிக், போத்தல், டின், உறைகள். அதை வைத்திருக்கலாம், அழுகாது. மாதம் இரண்டு தடவை வண்டி வந்தால் போதும், ஒன்று 10ஆம் திகதிச் சம்பளத்துக்கு அடுத்த கிழமை, ஏனென்றால் சாமான் வாங்குவது அப்போதுதான், உறை சேர்வதும் அப்போதுதான். பெரிய ட்ராக்டர் எங்கள் வளைவில் திரும்பாது, ஒரு சின்ன பட்டா லொறி அனுப்பினால் போதும்.

சேர்த்து வைக்க இடம் இருக்கிறது. வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பழைய பிள்ளைக்காம்பரா பூட்டிக் கிடக்கிறது, கூரை நல்லாயிருக்கிறது, தோட்டம் சாவியைத் தந்தால் போத்தல் ஒரு பக்கம், கண்ணாடி ஒரு பக்கம், டின் ஒரு பக்கம் என்று பிரித்து வைக்க இளைஞர் கழகம் தயார். பழைய இரும்பு வாங்க வருகிற அண்ணனிடம் கேட்டோம். இரும்பு, டின், தடித்த பிளாஸ்டிக், கழுவி நசுக்கின சோடாப் போத்தல் எல்லாம் எடுப்பாராம். பிஸ்கட் உறையையும் ஷம்பூ பக்கட்டையும் கையால் தொடமாட்டாராம், அதற்கு விலை இல்லை. விலை போகாத அந்த மிச்சத்துக்கும் பம்பர்சுக்கும்தான் சபை வேண்டும்.

ஷம்பூ பக்கட் என்றதும் ஒன்று. 20 மில்லிக்கு உட்பட்ட பக்கட்டுகளை, சாப்பாடும் மருந்தும் தவிர, 2021 மார்ச்சோடு தடைசெய்தார்கள். லஞ்ச் சீட்டுக்கு 2017இலேயே தடை. சட்டம் கொழும்பில் போட்டது, எங்கள் பஜாருக்கு ஏறிவர இன்னும் பஸ் கிடைக்கவில்லை போல, கடை வாசலில் சரம் சரமாகத் தொங்குகிறது. ஆனால் பரிசோதகர் ஐயாவிடம் ஒரு வேண்டுகோள், சட்டத்தை எடுத்துக்கொண்டு பெட்டிக்கடை ஆச்சியிடம் முதலில் போகாதீர்கள். ஒரு முழுப் போத்தலுக்கு ஒரேயடியாகக் காசு எடுக்க முடியாமல்தான் கொழுந்தெடுக்கிற பெண்கள் பக்கட் வாங்குகிறார்கள். மொத்தமாக இறக்குகிற லொறியை மறியுங்கள். கோழிக்கடைகளுக்கு வருசா வருசம் அனுமதிப்பத்திரம் கொடுப்பது சபைதானே, கழிவை எங்கே கொடுக்கிறாய் என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அப்புறம் கான். சித்திரை வருசம் முடிந்த கையோடு, மே மாதத் தென்மேல் மழைக்கு முன்னால், பஜார்க் கானை முழுதாக ஒரு தடவை அள்ளவேண்டும். கடைக்காரர் கானுக்கு மேல் போட்டிருக்கிற கொங்கிறீட் சிலப்புகளில் பாதியையாவது தூக்கக்கூடிய மாதிரி மாற்றச் சொல்லவேண்டும், இப்போது உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவே வழி இல்லை. மதகு வாயில் ஒரு இரும்புக் கம்பி வலை, அதற்கு முன்னால் மண் தங்க ஒரு குழி. வலை போட்டால் மட்டும் போதாது, மழை நாளில் அதைத் துப்புரவாக்க ஒரு ஆள் வேண்டும், இல்லாவிட்டால் வலையே அடைப்பாகிவிடும். அந்த ஆளை எங்கள் லயத்திலிருந்தே தருகிறோம், நாட்சம்பளம் சபை போடட்டும். லயத்துக்கு மேலே உள்ள மேட்டில் கான் வெடித்திருக்கிற இடத்தையும் பூசவேண்டும். அங்கே தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி மேடு ஊறிக்கொண்டிருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தை மண்சரிவில் என்ன நடந்தது என்று இந்த மலையில் யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை.

என் தங்கையை மூதூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மச்சான் கடலுக்குப் போகிறவர். எங்கள் ஓடை கொத்மலை ஓயாவாகி, மகாவலியாகி, 335 கிலோமீட்டர் மகாவலி முடிகிற கொட்டியாரக் குடாவில்தான் அவர் வலை போடுகிறார். ஆத்து வாயில் வலை இழுத்தால் மீனோடு பம்பர்சும் வருகிறதாம், போனில் கூப்பிட்டு "மச்சான், உங்க ஊர்ப் பார்சல் வந்து சேர்ந்தது" என்பார். நடுவில் மேல் கொத்மலை, கொத்மலை, பொல்கொல்லை, விக்டோரியா, ரந்தெனிகலை, ரந்தம்பை என்று ஆறு அணை இருக்கிறது, அதையெல்லாம் தாண்டியா வரும் என்று நான் சண்டை பிடிப்பேன். யோசித்துப் பார்த்தால் தாண்டாமல் நின்றாலும் எங்களுக்குப் பெருமை இல்லை. தலவாக்கலை நீர்த்தேக்கத்தில் நின்றால் மின்சாரம் எடுக்கிற தண்ணீரில் நிற்கிறது, அதைத் தாண்டினால் கண்டிக்காரர் கெட்டம்பையில் இறைத்துக் குடிக்கிற தண்ணீரில் போகிறது. நாங்கள் எங்கள் பீலித் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கிறோம், துணி துவைக்கப் போகிற பிள்ளைகளுக்கு அதிலேயே கால் சொறி.

மூன்று லயத்திலும் 61 குடும்பம், கையெழுத்துத் தாள் நான்கு பக்கம் இணைத்திருக்கிறோம். கைநாட்டு வைத்த பெரியவர்களின் பெயரை அவர்கள் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன், எழுத்துப் பிழை இருந்தால் என் பிழை.

பதில் கடிதம் வேண்டாம். ஏப்ரல் மாதத்துக்குள் ஒரு நாள் நீங்களும் தொழில்நுட்ப உத்தியோகத்தரும் பரிசோதகரும் ஒரே வாகனத்தில் வாருங்கள், வெயில் நாளில் வேண்டாம், பின்னேரம் மழை கட்டியிருக்கிற நாளாகப் பார்த்து வாருங்கள். மதகு வாயில் அரை மணித்தியாலம் நின்றால் போதும். பூட்ஸ் போட்டு வரவும், ஒரு சவர்க்காரக் கட்டியும் கொண்டுவரவும், அந்த இடத்தில் அட்டை அதிகம். தேத்தண்ணி நாங்கள் தருவோம்.

இப்படிக்கு,
மூன்று லயத்துக் குடியிருப்பாளர் சார்பில்,
மதகுக்குள் இறங்கின மூன்று பேர்