படம் எடுத்தது யார் என்று நான் கேட்கவில்லை

வெள்ளவத்தை,
ஆவணி 6.

அன்புள்ள மகளுக்கு,

நான் நல்ல சுகம். சீனியும் பிரஷரும் மருந்தோடு அடங்கிக் கிடக்கின்றன. உன் சுகத்துக்குப் பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலில் வெள்ளிதோறும் விளக்கு வைக்கிறேன். ஆடிவேல் போன நாளில் காலி வீதி வரைக்கும் நடந்துபோய்த் தேரைப் பார்த்துவிட்டு வந்தேன். முழங்கால் பரவாயில்லை.

போனில் இரண்டு நீலக்கோடு விழுகிறது, பதில் வரவில்லை. ஏழு கிழமை ஆகிறது பிள்ளை. வேலை கூட என்று நினைத்துக்கொண்டேன். பிறகு, வேலை கூட என்றால் மீன்பிடிக்கப் போக நேரம் இருக்காதே என்றும் நினைத்தேன். அதுதான் கடுதாசி எழுத உட்கார்ந்தேன். இதற்கு நீலக்கோடு இல்லை, நீ வாசித்தாயா என்று நான் மணிக்கொரு தரம் எடுத்துப் பார்க்கத் தேவையில்லை.

நீ கனடாவிலிருந்து அனுப்பிய மீன் படத்தைப் பற்றி அன்றைக்கு நான் ஒழுங்காக ஒன்றும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். கண்ணாடி போட்டுப் பார்த்தேன், கழற்றிவிட்டுக் கிட்ட வைத்தும் பார்த்தேன். 85 சென்ரிமீற்றர், எட்டரைக் கிலோ, சினூக் என்ற சமன் சாதி என்று எழுதியிருந்தாய். நம் வீட்டில் எட்டரைக் கிலோ மீன் ஒரு நாளும் முழுதாக வந்ததில்லை. சந்தைக்குப் போனபோது மீன்கார ஐயாவிடம் போனை நீட்டிக் காட்டினேன். அவர் கத்தியை வைத்துவிட்டு, கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார். "இது எங்கட கடல்ல இல்லாத மீன், ஆனா பிடிச்சிருக்கிற கை பழகின கை" என்றார். ஒரு கை வாலடியில், மற்றக் கை வயிற்றுக்குக் கீழே. "ஆரம்மா?" என்று கேட்டார். என் மகள் என்றேன். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

சமன் ரின்னில் இருப்பது சமன் இல்லை என்று நீ சொன்னதிலிருந்து கடையில் ரின்னைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். மெக்கரல் என்றுதான் அச்சடித்திருக்கிறது. பிறந்ததிலிருந்து சமன் சமன் என்று சொல்லித் தின்றிருக்கிறோம், ஒருவரும் வாசித்துப் பார்க்கவில்லை. நிஜச் சமனைப் பிடித்த முதல் ஆள் நம் குடும்பத்தில் நீதான்.

ஆனால் அந்தத் தண்ணீர் எனக்கு விருப்பமில்லை.

மேல்வீட்டு ரீச்சரின் பேரனைப் பிடித்து எல்லாம் வாசிப்பித்துக் கேட்டேன். நீ மீன்பிடிக்கிற ஜோர்ஜியா நீரிணைத் தண்ணீர் கோடையில் மேலே கொஞ்சம் சூடேறுமாம், குளிர்காலத்தில் 7, 8 பாகையாம். நம்முடைய கடல் 28. குளிர் தண்ணீரில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் திணறுகிற மூச்சைச் சீராக்க, அடுத்த பத்து நிமிடம்தான் கைகால் சொன்னபடி கேட்கும், ஒரு மணித்தியாலத்தில் நினைவு தப்பிவிடும் என்று அங்கே படிப்பிக்கிறார்களாம். ஒன்று, பத்து, ஒன்று. அதை நான் நித்திரைக்குப் போகும்போதும் எண்ணுகிறேன். நீந்தத் தெரியும் என்று சொல்லாதே. கை விறைத்த பிறகு நீச்சல் என்ன செய்யும்? படத்தில் நீ லைவ் ஜக்கெட் போட்டிருக்கவில்லை. அது பின்னால் ஆசனத்தில் கிடக்கிறது. சட்டப்படி ஆளுக்கொன்று படகில் இருந்தால் போதுமாம், போட்டிருக்கத்தான் வேண்டும் என்றில்லையாம். சட்டம் உன்னைப் பெறவில்லை. போடு. வெயிலென்றாலும் போடு. மீனோடு இழுபறிப்படும்போது இடைஞ்சல் என்றாலும் போடு.

வற்றுப் பெருக்கையும் பார்த்துப் போ. இங்கே வற்றுக்கும் பெருக்குக்கும் ஒரு மீற்றர் வித்தியாசம் கூட வராது. அங்கே 4, 5 மீற்றர் ஏறி இறங்குமாம். அவ்வளவு தண்ணீரும் தீவுகளின் இடுக்கால் ஓடினால் ஓட்டம் எப்படி இருக்கும்! தண்ணீர் நிற்கிற நேரத்தையொட்டித்தான் மீன் கடிக்கும், அதைப் பார்த்துத்தான் போவோம் என்று நீ சொன்னது நினைவிருக்கிறது. "போவோம்" என்றாய். ரேடியோவில் 16ஆம் அலைவரிசையில் உதவி கேட்கலாமாம். ரேடியோ இருக்கிறதா? யாருக்கு அதை இயக்கத் தெரியும்?

இன்னொன்று. அந்த டவுன்ரிகர் என்று நீ முந்தி விளங்கப்படுத்தினாய். பத்துப் பன்னிரண்டு இறாத்தல் ஈயக்குண்டைக் கம்பியில் கட்டிக் கீழே இறக்கி, நூலை அதில் கவ்வவிட்டு, மினுங்கும் தகடும் தூண்டிலும் நூறு அடிக்குக் கீழே போக, படகு மெல்ல ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மீன் அடித்ததும் நூல் கவ்வியிலிருந்து விடுபடும். உடனே குண்டை மேலே தூக்க வேண்டும், இல்லாவிட்டால் நூல் சிக்கிவிடும். படகை அலையைப் பார்த்துத் திருப்ப வேண்டும். பிறகு வலைக்கூடையை நீட்ட வேண்டும். இவ்வளவும் நடக்கும்போது நீ தடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய் என்றால், சுக்கானைப் பிடித்திருப்பது யார்? இதை நான் பாதுகாப்புக்காகத்தான் கேட்கிறேன்.

படம் எடுத்தது யார் என்று நான் கேட்கவில்லை. ஆசனத்தில் பிளாஸ்க் மூடியும் ஒரு கோப்பையும், இரண்டிலும் தேத்தண்ணீர். ஓரத்தில் ஒரு றப்பர்ச் சப்பாத்தின் முனை தெரிகிறது, உன் காலை விடப் பெரிது. நான் கேட்கவில்லை.

தனியாக மட்டும் போகாதே. ஆள் இருந்தால், அந்த ஆளும் லைவ் ஜக்கெட் போட வேண்டும்.

நீ சொன்னவற்றில் எனக்குப் பிடித்தது அந்தச் செட்டைக் கதை. கோஹோ என்ற சமனில், முதுகுச் செட்டைக்கும் வாலுக்கும் நடுவே சின்னச் சதைத் துண்டு மாதிரி ஒரு செட்டை இருக்குமாம். பொரிப்பகத்தில் வளர்த்து விட்ட குஞ்சென்றால் அதை வெட்டிவிட்டிருப்பார்களாம். செட்டை வெட்டியிருந்தால் வைத்துக்கொள்ளலாம், முழுதாக இருந்தால் ஆற்றில் தானாகப் பிறந்தது, பெரும்பாலான இடங்களில் திருப்பி விட்டுவிட வேண்டும். அதற்காகத்தான் தூண்டில் கொக்கியில் பின்னோக்கி நிற்கும் முள்ளை நெரித்துவிட வேண்டும் என்பதும், சினூக் 62 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் தொடாதே என்பதும், வைத்துக்கொள்ளும் சினூக்கை அந்த நிமிடமே லைசன்ஸில் பதிய வேண்டும் என்பதும். ஒரு மீனுக்கு இவ்வளவு கவனமா என்று முதலில் நினைத்தேன். இப்போது அது சரியென்று படுகிறது. நீ சட்டம் தவறாமல் செய்வாய், எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் இரேசர் கண்டெடுத்தாலும் ரீச்சரிடம் கொண்டுபோய்க் கொடுத்தவள் நீ.

போன மாதம் அப்பாவின் திவசத்துக்கு எல்லாரும் வந்தார்கள். நீ போன் எடுக்கவில்லை. நேரம் மாறி என்று நான் சொல்லிச் சமாளித்தேன். சித்தப்பா உன் படத்தைப் பார்த்துவிட்டு, சமன் மீன் ஆற்றின் மணத்தைப் பிடித்துப் பிறந்த இடத்துக்கே திரும்பி வருமாம், எங்கட பிள்ளையளும் அப்படித்தான் வருவினம் என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வந்து முட்டை போட்டதும் அந்த மீன் செத்துப்போகும், என் பிள்ளைக்கு அந்த உவமை வேண்டாம் என்று சபையில் சொல்லிவிட்டேன். நீ திரும்பி வரத் தேவையில்லை. போனை எடுத்தால் போதும்.

பின்னேரங்களில் ஸ்ரேசன் வாங்கில் போய் இருக்கிறேன். சோளகம் இன்னும் அடங்கவில்லை, அலை தண்டவாளக் கல்லில் வந்து மோதுகிறது. ஆனாலும் இரண்டு மூன்று பேர் தூண்டிலோடு நிற்கத்தான் செய்கிறார்கள். அப்பா உன்னை அங்கேதானே கூட்டிப்போவார். வெற்றுச் சமன் ரின்னில் நைலோன் நூலைச் சுற்றி உனக்கொன்று, அவருக்கொன்று. நீ பெரியபிள்ளையான கையோடு அந்த ரின்னைக் குப்பைக்காரனிடம் போட்டவள் நான். நீ இரண்டு நாள் தேடினாய். அலுமாரிக்கு மேலே ஏறிக்கூடத் தேடினாய். நான் சோற்றைக் கிளறிக்கொண்டு நின்றேன்.

ஏழு கிழமைக்கு முதல் நான் அனுப்பிய குரல் செய்தியை நேற்று நானே திரும்பப் போட்டுக் கேட்டேன். மீன் பெரிது என்றேன், கவனம் என்றேன், பிறகு, "உனக்கேன் இந்த வேலை, நாங்கள் என்ன கடல்ச்சனமா?" என்று கேட்டிருக்கிறேன். என் குரல்தான். வேறு யாரோ சொன்னது போல இருந்தது. அந்தச் சொல்லை உன் காதில் நான் முதல் தரம் போட்டது எப்போது என்று உனக்கு நான் நினைவூட்டத் தேவையில்லை. இந்த வீட்டின் குசினியில், 2009இல், நீ அந்த முகத்துவாரத்துப் பிள்ளையின் பேரைச் சொன்ன அன்று. வேதக்காரர், அதிலும் கடல்ச்சனம் என்றேன். நீ ஒரு சொல் திருப்பிச் சொல்லவில்லை. புரட்டாதியில் பிளேன் ஏறிவிட்டாய்.

மகள், உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. பதினாறு வருடம் நான் மறைத்து வைத்திருக்கிறேன்.

நீ போய் ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அந்தப் பிள்ளை வீட்டுக்கு வந்தான். அப்பா கோயிலுக்குப் போயிருந்தார். வெள்ளைச் சேட் போட்டு, தலை இழுத்து, கையில் பேப்பரில் சுற்றிய அறக்குளா ஒன்று. விடிய வந்த மீன் அம்மா என்றான். அம்மா என்றுதான் சொன்னான். உன் கனடா விலாசத்தைத் தரமுடியுமா என்று கேட்டான். நான் அவனை உள்ளே வா என்று சொல்லவில்லை, இரு என்று சொல்லவில்லை. அவளுக்கு அங்கே சம்பந்தம் பேசி முற்றாகிவிட்டது, தை பிறக்கக் கல்யாணம், இனி அவளைக் கரைச்சல்படுத்தாதே என்றேன். ஒரு சம்பந்தமும் பேசவில்லை. வாயில் வந்த பொய். அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். சந்தோசமாக இருக்கச் சொல்லுங்கோ என்றான். மீனை நீட்டினான். நான் அந்த மீனை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

பொய் சொன்னதை விட, அந்த மீனை வாங்கினதுதான் என்னைத் தின்கிறது. திருப்பிக் கொடுத்திருந்தால் அவன் கோபப்பட்டாவது போயிருப்பான்.

அதைக் கறி வைத்தேன். அப்பா சாப்பிட்டுவிட்டு, எங்கே வாங்கினாய் என்று கேட்டார். சந்தையில் என்றேன். "ஞாயிற்றுக்கிழமை சந்தையில இப்பிடிப் புதுமீன் கிடையாதே" என்று மட்டும் சொன்னார். பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை, கடைசி வரைக்கும். நான் அந்தக் கறியில் கை வைக்கவில்லை.

அடுத்த வருடம் நீ போனில் கேட்டாய், என்னைத் தேடி ஒருத்தரும் வரேல்லையோ அம்மா என்று. நான் இல்லையென்றேன். நீ மூன்று சம்பந்தத்தை வேண்டாம் என்றபோது உன்னைப் பிடிவாதக்காரி என்று ஊரெல்லாம் சொன்னதும் நான்தான். அவன் இப்போது இத்தாலியில் என்று கேள்வி, இரண்டு பிள்ளைகளாம். நன்றாக இருக்கட்டும். அவனிடம் நான் மன்னிப்புக் கேட்க வழியில்லை. உன்னிடம் கேட்கிறேன். நீ எனக்குப் பதில் போடாமல் விட்டாலும் அது உன் நியாயம்.

ஆனால் லைவ் ஜக்கெட்டைப் போடு.

ரீச்சரின் தங்கச்சி வரும் பத்தாம் திகதி வன்கூவருக்கு வருகிறா, அவவிடம் பார்சல் கொடுத்து விடுகிறேன். சமன் நெய்ப்பிடிப்பான மீன் என்றாய், அதற்குப் பால் கூட விடாதே, கொறுக்காய்ப்புளியைக் கொஞ்சம் கூட்டிப் போடு. தலையை எறியாதே. ஒற்றை ஆண்டில் வரும் பிங்க் சமனின் சதை மெத்தென்று இருக்கும் என்றாயே, அதைப் பொரித்துப் பார். தூள் இரண்டு பக்கெட் கட்டியிருக்கிறேன். சிவப்பு நூல் கட்டியது நம்முடைய உறைப்பு. வெள்ளை நூல் கட்டியதில் செத்தல் மிளகாயைப் பாதியாகக் குறைத்து, மல்லியைக் கூட்டி வறுத்திருக்கிறேன், உறைப்புத் தின்று பழகாத ஆளுக்கும் சாப்பிட ஏலும். இரண்டையும் போத்தலில் போட்டு இறுக்கி மூடி வை.

இப்படிக்கு,
அம்மா