பாடக்குறிப்பின் அடியில் ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பத்தாம் வகுப்பு ஆசிரியர்கள் தாங்களே தயாரித்த வினாத்தாள்களையும் சுருக்கக் குறிப்புகளையும் வாட்ஸ்அப் குழுக்களில் பகிர்ந்துகொள்வதைப் பாராட்டி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பாராட்ட வேண்டியதுதான். ஆனால், ‘இவற்றை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம்’ என்று போகிறபோக்கில் ஒரு வரி சொல்லப்பட்டிருக்கிறது. அது சரியில்லை. கைக்குக் கிடைத்துவிட்டது என்பதற்காக அனுமதியும் கிடைத்துவிட்டதாக ஆகாது.

நான் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். தண்டையார்பேட்டையில் சிலர் சேர்ந்து நடத்தும் மாலை வகுப்பில் பாடம் எடுக்கிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் காசிமேடு, கொருக்குப்பேட்டைப் பிள்ளைகள். எங்களுக்கு வரும் தாள்களில் பாதி யார் போட்டது என்றே தெரியாது. சமீபத்தில் வந்த அளவியல் பயிற்சித்தாள் ஒன்றைச் சொல்கிறேன். அருமையான தாள். எளிய கணக்கில் தொடங்கிப் படிப்படியாக ஏறுகிறது. போட்டவர் கரும்பலகை முன்னால் பல வருடம் நின்றவர் என்று பார்த்தாலே தெரிகிறது. ஆனால் பக்கத்தின் குறுக்கே ஏதோ ஒரு டியூஷன் சென்டரின் பெயர் சாம்பல் நிறத்தில் சாய்வாக ஓடுகிறது. ஜெராக்ஸ் போட்டால் சாம்பல் கறுத்து, கூம்பின் உயரத்தைக் குறித்த எண்ணே மறைந்துபோகிறது. அந்த சென்டர்தான் தாளைத் தயாரித்ததா, இல்லை யாரோ ஒரு டீச்சர் உழைத்ததன் மேல் தன் பெயரைப் போட்டுக்கொண்டதா? கேட்டுச் சொல்ல ஆளில்லை.

அதில் ஒரு கணக்கு: கூம்பு வடிவ நெற்குவியலை மூட எத்தனை சதுர மீட்டர் தார்ப்பாய் வேண்டும். எங்கள் பிள்ளைகள் களத்தில் நெல் குவிந்து பார்த்ததில்லை. மீன்பிடித் துறைமுகத்தில் உடைத்துக் கொட்டும் ஐஸ் குவியலைத் தினமும் பார்க்கிறார்கள். கூம்பின் இடைக்கண்டம் நடத்தும்போதும் ஏலத்தில் மீன் அள்ளும் அன்னக்கூடையைச் சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். சரி, நெல்லை எடுத்துவிட்டு ஐஸைப் போடலாம் என்று உட்கார்ந்தால், கோப்பு பிடிஎஃப். உள்ளே பழைய பாமினி எழுத்துரு. நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டுகிறது. போகட்டும், அதைப் புதிதாகவே தட்டிக்கொள்ளலாம். அப்படி மாற்றிய தாளை அச்சடித்துப் பக்கத்துத் தெரு வகுப்புக்கும் கொடுக்கலாமா, இணையத்தில் ஏற்றலாமா என்பதற்குத்தான் பதில் இல்லை.

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதி முடித்தவுடனே உரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது. எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. எழுதியவர் காலமான பிறகும் 60 ஆண்டுகள் அது நீடிக்கும். ஆகவே, அடியில் ஒன்றுமே எழுதாத தாளைச் சட்டம் ‘எல்லா உரிமையும் எழுதியவருக்கே’ என்றுதான் பார்க்கும். வகுப்புக்கு நகலெடுக்கச் சட்டமே விலக்குத் தந்திருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான், 52-ஆம் பிரிவில் இருக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை மீது வெளிநாட்டுப் பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2016-இல் அந்தப் பிரிவுக்குத் தாராளமாகவே பொருள் கொண்டது. ஆனாலும் அந்த விலக்கு பாடம் நடத்தும் அளவுக்குத்தான். மாற்றி எழுதி, மொழிபெயர்த்து, ஊருக்கெல்லாம் பொதுவாக இணையத்தில் வைப்பதற்கு அதை நம்பி இறங்க முடியாது.

இதற்குத் தீர்வு 2002-லிருந்தே இருக்கிறது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள், அதாவது தன் படைப்பை மற்றவர் எந்த நிபந்தனையில் பயன்படுத்தலாம் என்று ஆக்கியவரே முன்கூட்டி எழுதிவைக்கும் ஆயத்த அனுமதிகள். இப்போது புழக்கத்தில் இருப்பது 2013-இல் வந்த 4.0 பதிப்பு. மொத்தம் ஆறு உரிமங்கள். ஆறுக்கும் பொதுவானது, ஆக்கியவர் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது. அதற்கு மேல், வணிகத்துக்குக் கூடாது, மாற்றக்கூடாது, மாற்றினால் அதையும் இதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும் என்ற நிபந்தனைகளில் வேண்டியதைச் சேர்க்கலாம். கடைசி இரண்டும் மட்டும் ஒன்றாகச் சேராது. மாற்றவே கூடாது என்றபின் மாற்றியதைப் பற்றிப் பேச்சேது?

இதைச் சொன்னால் என் தோழிகள் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு ‘வணிகத்துக்குக் கூடாது’ என்பதைத்தான் கேட்கிறார்கள். தன் குறிப்பை எவனோ கைடு போட்டு விற்றுவிடுவான் என்ற பயம். நியாயமான பயம்தான், நடந்தும் இருக்கிறது. ஆனால் எங்கள் பகுதியில் அந்த நிபந்தனை யாரைத் தடுக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வடசென்னையில் தெருவுக்குத் தெரு ஒரு டியூஷன் அக்கா இருக்கிறார். மாடிப்படிக்குக் கீழே பாயைப் போட்டுப் பத்துப் பதினைந்து பிள்ளைகளை உட்காரவைத்து, மாதம் இருநூறோ முந்நூறோ வாங்கிக்கொண்டு, கொடுக்க முடியாத வீட்டில் கேட்காமலே விட்டுவிட்டுப் பாடம் சொல்லிக்கொடுப்பவர். அவர் செய்வது வணிகமா? பணம் வாங்குகிறாரே! ஆதாயம் முதன்மை நோக்கமாக இருக்கக்கூடாது என்கிற அளவோடு உரிமம் நிறுத்திக்கொள்கிறது. மீதியை அவரவர் வாதாடித்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

ஜெராக்ஸ் கடைக்காரர் விஷயத்திலேயே அமெரிக்காவில் வழக்கு நடந்திருக்கிறது. கிரேட் மைண்ட்ஸ் என்ற பாடநூல் நிறுவனம் தன் கணக்குப் பாடங்களை வணிகத்துக்குக் கூடாது என்ற நிபந்தனையோடு திறந்துவிட்டது. பிறகு, பள்ளிகளுக்காகக் காசு வாங்கி நகலெடுத்துக் கொடுத்த ஃபெட்எக்ஸ் கடைகள் மீது வழக்குப் போட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018-இல் கடையின் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. ஃபெட்எக்ஸிடம் வக்கீல் உண்டு. எங்கள் டியூஷன் அக்காவுக்கு யார் இருக்கிறார்? நிபந்தனையைப் படித்ததும் அவர் தாளை ஓரமாக வைத்துவிடுவார். திருடுகிறவன் நிபந்தனையைப் படித்துவிட்டா திருடுகிறான்?

‘மாற்றக்கூடாது’ என்பது இதைவிட மோசம். மொழிபெயர்ப்பும் மாற்றம்தான். இந்தப் பக்கம் வீட்டில் தெலுங்கு, உருது பேசும் பிள்ளைகள் ஏராளம். தமிழில் நன்றாக வந்த ஒரு குறிப்பை அவர்கள் மொழியில் ஆக்கிப் பரப்ப முடியாது. விடைக்குறிப்பில் ஒரு கணக்கின் விளக்கமே தவறாக இருந்தாலும் அதை மாற்றி எழுதிய பிரதியை வெளியே கொடுக்க முடியாது. எங்கள் ஐஸ் குவியலுக்கும் வழியில்லை.

நான் சொல்வது, பெயரைச் சொல், மாற்றினால் அதே உரிமத்தில் விடு என்ற இரண்டு நிபந்தனைகள் மட்டும் உள்ள கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம். சுருக்கமாக, சிசி பிஒய்-எஸ்ஏ. கைடு போடுகிறவர் விற்கட்டுமே. எங்கள் டீச்சர் பெயரைப் போட்டுத்தான் விற்க வேண்டும். பெயரை அழித்தால் அவருக்கிருந்த அனுமதி அத்தோடு போயிற்று. அந்தக் குறிப்பை அவர் திருத்திச் சேர்த்திருந்தால் அந்தத் திருத்தத்தையும் நாம் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். தமிழ் விக்கிப்பீடியாவும் இந்த உரிமத்தில்தான் இருக்கிறது. 2013-இல் தொடங்கிய மத்திய அரசின் திறந்த கல்வி வளக் களஞ்சியமும் இதையே தேர்ந்துகொண்டது. அங்கிருந்து எடுத்து இங்கே கலக்கலாம், இங்கிருந்து அங்கே கொடுக்கலாம். வணிகத்தடை போட்ட பாடத்தையும் விக்கிப்பீடியாக் கட்டுரையையும் ஒன்றாகக் கலந்து புதுப்பாடம் ஆக்க முடியாது, இரண்டு உரிமங்களும் ஒத்துவராது. சின்னப் பிள்ளைகளுக்கான கதைகளை ஸ்டோரிவீவர் தளத்தில் வைத்திருக்கும் பிரதம் புக்ஸ் இன்னும் ஒரு படி போய், பெயரை மட்டும் சொன்னால் போதும் என்று விட்டிருக்கிறது. அதனால்தான் ஒரே கதை இத்தனை மொழிகளில் கிடைக்கிறது.

எல்லாருக்கும் விட்டுவிட்டால் மதிப்புப் போய்விடும் என்று நினைப்பவர்கள் பாரதியாரைப் பார்க்கலாம். 1949-இல் அரசு அவர் பாடல்களின் உரிமையை வாங்கியது, பிறகு அதைப் பொதுவாக்கியது. இன்று எந்தப் பதிப்பகமும் போடுகிறது, மலிவுப் பதிப்பும் வருகிறது. பாரதியார் எதில் குறைந்துபோனார்?

உரிமம் போடும் முன் கவனிக்க வேண்டியவையும் உண்டு. கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாது. நாளைக்கு மனம் மாறினாலும் ஏற்கெனவே எடுத்தவர்களின் அனுமதி அப்படியேதான் இருக்கும். அப்புறம், கூகுளில் தேடி ஒட்டிய படம் நம்முடையதல்ல. பாடநூல் கழகத்தின் புத்தகப் பக்கத்தை ஸ்கேன் செய்து சேர்த்தால், அது இலவசமாக இறங்குகிறது என்றாலும், அதற்கு நாம் உரிமம் போட முடியாது. படத்தைக் கையால் வரைந்து போன் கேமராவில் எடுத்தாலே போதும், கணக்குக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? பிடிஎஃபோடு சேர்த்து யூனிகோடில் தட்டிய வேர்டு கோப்பையும் கொடுக்க வேண்டும். திருத்த முடியாத கோப்புக்குத் திறந்த உரிமம் போட்டு என்ன பிரயோஜனம்?

அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு இன்னொரு சிக்கல். வேலையின் பகுதியாகச் செய்த படைப்பு வேலை கொடுத்தவருக்குச் சொந்தம் என்கிறது 17-ஆம் பிரிவு. ராத்திரி வீட்டில் உட்கார்ந்து போட்ட வினாத்தாள் யாருடையது என்று வாதாடிக்கொண்டே இருக்கலாம். ஆசிரியர்கள் தங்கள் குறிப்புகளைத் திறந்த உரிமத்தில் வெளியிடலாம் என்று பள்ளிக்கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை விட்டால் தீர்ந்தது. செலவில்லாத வேலை.

தாளின் அடியில் போட வேண்டியது இவ்வளவுதான்: ‘ஆக்கம்: இன்னார், இந்த ஆண்டு. கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய்-எஸ்ஏ 4.0 உரிமத்தில் வெளியிடப்படுகிறது.’ கூடவே உரிமத்தின் இணைய முகவரி.

உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். பொதுத்தேர்வு நெருங்கும்போது நீங்கள் வெளியிடும் மாதிரி வினாத்தாள் பக்கங்களை எங்கள் பிள்ளைகள் வெட்டி வைத்துப் படிக்கிறார்கள். அந்தப் பக்கத்தின் அடியில் ‘அனுமதியின்றி மறுபிரசுரம் செய்யக்கூடாது’ என்று இருக்கிறது. இந்த ஆண்டு அந்த இடத்தில் மேலே சொன்ன வரியைப் போடுவீர்களா? முழுப் பக்கத்துக்கும் முடியாது என்றால் கணக்குப் பாடத்துக்கு மட்டுமாவது போடுங்கள். தெலுங்கில் மொழிபெயர்த்துக் கொடுக்க எங்கள் வகுப்பில் ஆள் தயாராக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தண்டையார்பேட்டை, சென்னை – 81