டிரெய்லருக்குக் குறைத்த சத்தத்தைப் படத்துக்கு யார் ஏற்றுவது?

அன்புள்ள ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு வாசகர் கடிதத்தில் ஒருவர், தியேட்டரில் டிரெய்லர் போடும்போது காது கிழிகிறது, படம் ஆரம்பித்தால் வசனமே கேட்கவில்லை, எல்லாம் டிஜிட்டல் வந்ததால் வந்த வினை, பழைய பிலிம் காலத்துச் சத்தம்தான் சத்தம் என்று எழுதியிருந்தார். முதல் இரண்டும் நூற்றுக்கு நூறு உண்மை. மூன்றாவதில்தான் எனக்கு வழக்கு இருக்கிறது. 1980களின் கடைசியில் தொடங்கி 16 வருடம் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தியேட்டரில் ஆப்பரேட்டர் அறையில் வெந்தவன் நான். அந்தக் கட்டடத்தில் இப்போது பறவைக்கூட்டுக்காகக் குருவி வளர்க்கிறார்கள், அங்கேயும் நாள் முழுக்க ஸ்பீக்கரில் குருவிச் சத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது, அது வேறு கதை.

போன மாதம் அம்மாவை ஈப்போவில் ஒரு மாலுக்குப் படம் பார்க்க அழைத்துப் போனேன். அம்மாவுக்கு 78 வயது, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாவது வரைக்கும் படித்துவிட்டு பால்மரம் வெட்டப் போனவர். வரிசையாக ஐந்து டிரெய்லர். இரண்டாவதிலேயே முந்தானையைச் சுருட்டிக் காதில் வைத்துக்கொண்டார். சரி, படம் வந்தால் சரியாகிவிடும் என்றேன். படம் வந்தது, அப்பாவும் மகனும் திண்ணையில் உட்கார்ந்து மெதுவாகப் பேசுகிற காட்சி, அம்மா என் பக்கம் சாய்ந்து "என்னடா சொல்றான் அவன்?" என்றார். எனக்கே பாதிதான் கேட்டது. பின்வரிசையில் இருந்த ஒரு பையன், "கீழ எழுத்து ஓடுதே பாட்டி" என்றான், நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். ஓடுகிறது, மலாயில். அம்மா பசாரில் மீன் விலை பேசுகிற அளவுக்கு மலாய் பேசுவார், படிக்க வராது. தமிழ்ப் படத்தைத் தமிழ் தெரிந்த ஒருத்தி மலாய் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்றால் டிக்கெட் காசு எதற்கு?

படம் விட்டதும் ஆப்பரேட்டரைத் தேடினேன். இப்போதெல்லாம் ஆப்பரேட்டர் அறையில் ஆளே இருப்பதில்லை, பாப்கார்ன் விற்கிற தம்பிதான் அதையும் பார்க்கிறான். "தம்பி, பேடர் எத்தனையில வச்சிருக்கீங்க?" என்று கேட்டதும் (பேடர் என்றால் சத்தக் குமிழ்) ஒரு மாதிரி பார்த்தான், இந்தக் கேள்வியை அவனிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். "எப்பவும் 4தான் அங்கிள். டிரெய்லருக்கு கம்ப்ளெய்ண்ட் வருது, மேனேஜர் இறக்கி வைக்கச் சொல்லிட்டாரு" என்றான்.

அந்த 4 என்ன என்று சொல்கிறேன். தியேட்டர் ஒலிப் பெட்டியில் 0 முதல் 10 வரைக்கும் ஒரு சத்த அளவு இருக்கும். அதில் 7 என்பதுதான் படத்துக்கான இடம். 7இல் வைத்து, சோதனைச் சத்தத்தை ஓடவிட்டு, ஹால் நடுவில் மைக் வைத்து, திரைக்குப் பின்னால் இருக்கிற ஒவ்வொரு ஸ்பீக்கரும் 85 டெசிபல் காட்டுகிற மாதிரி சரிபார்த்து வைப்பார்கள். படத்துக்கு ஒலி கலக்குகிறவர் உட்கார்ந்திருக்கிற அறையும் அதே கணக்கில்தான் இருக்கிறது, அவர் அங்கே கேட்டது இங்கே நமக்கும் கேட்க வேண்டும், அதற்குத்தான் இத்தனை ஏற்பாடும். ஒரு எண் இறக்கினால் மூன்றே கால் டெசிபலுக்குக் கொஞ்சம் மேலே குறையும். 7இலிருந்து 4க்கு வந்தால் மொத்தம் 10. காதுக்கு அது ஏறக்குறைய பாதிச் சத்தம். சண்டைக்காட்சி பாதியானால் யாருக்கும் நஷ்டமில்லை, முணுமுணுப்பு பாதியானால் ஏர்கோன் சத்தத்தில் போய்விடும்.

ஆக, டிரெய்லர் மேல் இருக்கிற கோபத்தைப் படத்தின் தலையில் இறக்குகிறார்கள். இதில் டிஜிட்டலின் குற்றம் எங்கே இருக்கிறது?

பழைய காலம் இனித்தது என்கிறவர்களுக்கு அன்றைய நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். 35 எம்எம் பிலிமில் படத்துக்குப் பக்கத்தில் நெளிநெளியாக ஒரு கோடு ஓடும், அதுதான் அனலாக் ஒலி. ஒரு சின்ன விளக்கின் வெளிச்சம் அந்தக் கோட்டின் வழியே போய் மறுபக்கம் விழும், கோடு அகலமாகவும் குறுகலாகவும் மாற மாற வெளிச்சமும் கூடிக் குறையும், அது மின்சாரமாகி, சத்தமாகும். டிரெய்லர் என்பது இரண்டரை நிமிடம், 225 அடி, சின்ன டப்பாவில் வரும். அதை டேப் போட்டு முதல் ரீல் தலையில் ஒட்டுவோம், அடுத்த வாரம் பிரித்து வேறு படத்தில் ஒட்டுவோம். இப்படி ஒட்டிப் பிரித்து ஒட்டியே அந்தக் கோட்டில் கீறல் விழுந்து, தூசி ஏறி, தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி கரகரக்கும். ஒட்டு இருக்கிற இடத்தில் 'டப்' என்று ஒரு அடி விழும், படம் மாறி ஒரு வினாடிக்குக் கொஞ்சம் குறைவாகக் கழித்துத்தான் விழும், ஏனென்றால் ஒலி படிக்கிற இடம் படம் தெரிகிற இடத்துக்குக் கீழே இருக்கிறது. அதை மறைக்கக் கறுப்பு மை தடவுவோம். ஆனால் ஒன்று: அந்தக் கோட்டின் அகலத்துக்கு மேல் சத்தம் போக முடியாது. டிரெய்லர் எவ்வளவு கத்தினாலும் ஒரு எல்லையில் அடங்கிவிடும். அந்த வாசகர் இனிமை என்று நினைப்பது இதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

1992இல் டால்பி டிஜிட்டல் வந்தது, பிலிம் ஓரத்துத் துளைகளுக்கு நடுவிலேயே சத்தத்தைப் பதித்தார்கள். 1993இல் டிடிஎஸ் வந்தது, டைனோசர் படத்தோடு, அதை மறந்தவர் யாரும் இல்லை. டிடிஎஸ்ஸில் சத்தம் பிலிமிலேயே கிடையாது, தனியாக சிடியில் வரும், பிலிமில் புள்ளி புள்ளியாக நேரக் குறி மட்டும் இருக்கும், பெட்டி அதைப் படித்து சிடியை ஓட்டும். எங்கள் முதலாளி 90களின் கடைசியில் ஒன்று வாங்கினார். படத்துக்கு சிடி வந்துவிடும். டிரெய்லருக்கான சிடி எங்கள் மாதிரி தோட்டப்புற ஊருக்கு எங்கே ஒழுங்காக வந்தது? சிடி இல்லையென்றால் பெட்டி கேட்காமல் கொள்ளாமல் அனலாக்குக்கு மாறிவிடும். ஆகவே ஒரே காட்சியில் முதல் டிரெய்லர் கீறல் விழுந்த அனலாக், இரண்டாவது டிஜிட்டல், மூன்றாவது மறுபடியும் அனலாக், அப்புறம் படம் டிடிஎஸ். நான் சத்தக் குமிழ் பக்கத்திலேயே நின்று, அனலாக்குக்கு ஏற்றி, டிஜிட்டலுக்கு இறக்கி, பஸ் ஓட்டுகிற மாதிரி ஓட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு சம்பள வாரச் சனிக்கிழமை, கொட்டகை நிறைந்து வழிகிறது, தோட்டத்திலிருந்து லோரி பிடித்து வந்திருக்கிறார்கள். கடைசி டிரெய்லர் கத்துகிறது என்று நாலரைக்கு இறக்கினேன், அந்த நேரம் பார்த்து கீழே தே தாரேக் வந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள், இறங்கிப் போனேன், ஏற்ற மறந்துவிட்டேன். முதல் ரீல் பாதிக்கு மேல் ஊமைப் படம் மாதிரி ஓடி, விசில் பறந்து, எவரோ ஒருவர் கிளாஸை சுவரில் வீசிய பிறகுதான் மேலே ஓடினேன். முதலாளி திட்டியதை இங்கே எழுத முடியாது. அது ஒரு நாள் நடந்த தப்பு. இப்போது ஈப்போவில் அதே தப்பைத் தினமும், வேண்டுமென்றே, மேனேஜர் உத்தரவாகச் செய்கிறார்கள்.

டிஜிட்டலில் அந்த அகலக் கட்டுப்பாடு போய்விட்டது, டிரெய்லர் செய்கிறவர்கள் இருக்கிற இடத்தை எல்லாம் சத்தத்தால் நிரப்பினார்கள். ஒருவர் கத்தினால் பக்கத்தில் இருப்பவர் இன்னும் கத்துவார், இல்லையா? அமெரிக்காவில் புகார் கூடிப்போய், டிரெய்லருக்கென்றே ஒரு தரம் வைத்தார்கள், முழு டிரெய்லரையும் அளந்தால் சராசரி 85 டெசிபலைத் தாண்டக்கூடாது. சராசரி என்பதால் ஓட்டை இருக்கிறது. முதல் ஒரு நிமிடம் பியானோவும் மூச்சுச் சத்தமும் வைத்துவிட்டு மிச்சத்தில் இடி இடித்தாலும் கணக்கு சரியாக வந்துவிடும். அதுவும் ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் தங்களுக்குள் ஒத்துக்கொண்ட ஏற்பாடு, சென்னையிலிருந்து வருகிற டிரெய்லரை அது கட்டுப்படுத்தாது.

இப்போது பிலிமே இல்லை. டிரெய்லரும் படமும் ஒரே மாதிரி பைலாக சர்வரில் ஏறுகின்றன, இரண்டிலும் சுருக்காத 24 பிட் ஒலி, கீறல் கிடையாது, சிடி தொலைகிற கவலை கிடையாது. காட்சிக்கு முன்னால் எதற்குப் பிறகு எது என்று கம்ப்யூட்டரில் வரிசை போடுகிறார்கள். அந்த வரிசையிலேயே, டிரெய்லர் தொடங்கும் இடத்தில் சத்தம் 5, படம் தொடங்கும் இடத்தில் சத்தம் 7 என்று கட்டளை வைக்கலாம். ஒரு தடவை வைத்தால் போதும், பெட்டி தானாகவே இறக்கி ஏற்றும். எனக்கு இரண்டு கையும் ஒரு காதும் வேண்டியிருந்த வேலை, மவுஸில் இரண்டு சொடுக்கு. எங்களுக்காவது ஒரு சாக்கு இருந்தது. இவர்களுக்கு என்ன இருக்கிறது?

7இல் வைத்தால் இப்போது வருகிற சில படங்களும் காதை அடைக்கின்றன என்று சொல்வார்கள். உண்மை, சிலது அப்படித்தான். அந்தப் படத்துக்கு ஆறரை வை, ஆறு வை, ஹாலில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு வை. எந்தப் படமென்றே பார்க்காமல் எல்லாவற்றுக்கும் 4 என்பதைத்தான் சொல்கிறேன். டிக்கெட் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை, சத்தம் குறைவாக இருந்தால் முதல் பத்து நிமிடத்துக்குள் வெளியே போய்ச் சொல்லுங்கள், "டிரெய்லருக்கு இறக்கியதைப் படத்துக்கு ஏற்றவில்லை" என்று இதே மாதிரி சொல்லுங்கள். "சவுண்டு சரியில்லை" என்று பொதுவாகச் சொன்னால் தலையாட்டிவிட்டுப் பாப்கார்ன் அள்ளப் போய்விடுவார்கள்.

இரண்டு சொடுக்கு விஷயத்தை அந்தத் தம்பியிடமும் சொன்னேன். நல்ல பையன், போனில் குறித்துக்கொண்டான். மேனேஜரைக் கேட்க வேண்டும், மேனேஜர் கோலாலம்பூரில் தலைமை ஆபீஸைக் கேட்க வேண்டும் என்றான். தலைமை ஆபீஸில் எவராவது உங்கள் பத்திரிகை வாங்குவார்கள் என்ற நம்பிக்கையில்தான் இவ்வளவு நீளமாக எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு பழைய ஆப்பரேட்டர்,
சுங்கை சிப்புட், பேராக்