டெக்னீசியம்: ஆறு மணி நேரமா, இரண்டு லட்சம் ஆண்டா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் இதழின் மருத்துவப் பகுதியில் எலும்பு ஸ்கேன் பற்றி வந்த கட்டுரையைப் படித்தோம். ஊசியில் செலுத்தப்படும் டெக்னீசியம் என்ற கதிரியக்க உலோகத்தின் அரை ஆயுட்காலம் (பாதி சிதைந்துபோக ஆகும் நேரம்) 2 லட்சம் ஆண்டுகளுக்கும் மேல் என்று அதில் அச்சாகியிருக்கிறது. மருத்துவமனைகள் இந்த மருந்தை இருப்பு வைத்துக்கொள்ளாததால்தான் நோயாளிகள் காத்திருக்கிறார்கள் என்றும் எழுதப்பட்டுள்ளது. இரண்டையும் திருத்த வேண்டும். முதல் தகவலைப் படித்துப் பயந்து ஸ்கேனையே வேண்டாம் என்று சொல்லிவிடக்கூடியவர்கள் புற்றுநோயாளிகள் என்பதால் உடனே எழுதுகிறோம்.

ஊசியில் போவது டெக்னீசியம்-99எம். கடைசியில் நிற்கும் அந்த 'எம்' விடுபட்டதால் வந்த குழப்பம் இது. 99எம் என்பது கூடுதல் ஆற்றலோடு நிற்கும் அணுக்கரு. 6 மணி நேரத்தில் அதில் பாதி, 140 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமா கதிரை வெளியே விட்டுவிட்டுத் தணிந்து, சாதாரண டெக்னீசியம்-99 ஆகிவிடும். 2,11,000 ஆண்டு என்ற கணக்கு இந்த இரண்டாவதற்கு உரியது.

அப்படியானால் மிச்சம் உடம்பிலேயே தங்கிக் கதிர் வீசாதா என்று வாசகர் கேட்பது நியாயம். கணக்கைப் பார்ப்போம். எலும்பு ஸ்கேனுக்கு வழக்கமான அளவு 20 மில்லிகியூரி, அதாவது நொடிக்கு 74 கோடி சிதைவு. அதில் உள்ள டெக்னீசியத்தின் எடை ஒரு கிராமில் சுமார் 25 கோடியில் ஒரு பங்குதான். அது முழுவதும் டெக்னீசியம்-99 ஆக மாறி, ஒரு துளிகூட வெளியேறாமல் உடம்பில் நின்றாலும் நொடிக்கு இரண்டு மூன்று சிதைவுக்கு மேல் வராது. நாம் உண்ணும் சோறு, காய், வாழைப்பழம் வழியாக வந்து உடம்பில் எப்போதும் இருக்கும் பொட்டாசியம்-40 மட்டும் நொடிக்கு ஏறக்குறைய 4,000 முறை சிதைகிறது. அரை ஆயுள் நீளமாக இருந்தால் சிதைவு அந்த அளவுக்கு மெதுவாக நடக்கும். போதாததற்கு, எலும்பில் ஒட்டாத மருந்து சிறுநீரோடு போய்விடுகிறது. இந்த ஸ்கேனால் கிடைக்கும் மொத்தக் கதிர்வீச்சு சுமார் 4 மில்லிசீவர்ட். இயற்கையிலிருந்து மனிதருக்கு ஓராண்டில் கிடைப்பது உலகச் சராசரியில் 2.4.

உலோகத்தைப் பற்றியும் கொஞ்சம். தனிம அட்டவணையில் மெண்டலீவ் மாங்கனீசுக்குக் கீழே காலியாக விட்டுவைத்த 43-வது கட்டத்துக்கு உரியது இது. அமெரிக்காவின் பெர்க்லியில், அணுத்துகள்களை வேகப்படுத்தும் சைக்ளோட்ரான் கருவியில் அடிபட்ட ஒரு மாலிப்டின உலோகத் தகட்டை விஞ்ஞானி லாரன்ஸ் இத்தாலிக்கு அனுப்ப, அங்கே பலேர்மோவில் பெரியர், செக்ரே என்ற விஞ்ஞானிகள் 1937-இல் அதிலிருந்து இதைப் பிரித்தார்கள். செயற்கையானது என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லே பெயராயிற்று. வெள்ளி கலந்த சாம்பல் நிறம், உருகுநிலை சுமார் 2,157 டிகிரி செல்சியஸ். இதன் உப்பு பத்து லட்சத்தில் 55 பங்கு நீரில் இருந்தாலே இரும்பு துருப்பிடிப்பதைத் தடுத்துவிடும். கதிரியக்கம் இருப்பதால் மூடிய அமைப்புகளுக்கு வெளியே அதற்கு இடமில்லை.

இனி இருப்பு விஷயம். 6 மணி நேரத்தில் பாதியாகும் பொருளை எந்த மருத்துவமனையும் அலமாரியில் வைக்க முடியாது. காலை 9 மணிக்கு அளந்து வைத்த டோஸில் நண்பகல் 12 மணிக்கு 71 சதவீதம்தான் இருக்கும். அதனால் வாங்கி வைப்பது, சிதைந்து டெக்னீசியம்-99எம்மைத் தரும் தாய்ப்பொருளான மாலிப்டினம்-99-ஐ. அதற்கும் அரை ஆயுள் 66 மணி நேரமே. மணிக்கு ஒரு சதவீதம் போல் கரைந்துகொண்டிருக்கும். விமான நிலையத்தில் ஒரு நாள் முடங்கிய மாலிப்டினப் பெட்டி 22 சதவீதத்தை இழந்துதான் வெளியே வரும்.

அந்தப் பெட்டிக்கு ஜெனரேட்டர் என்று பெயர். காரீயக் கவசத்துக்குள் சிறிய கண்ணாடிக் குழாய், அதில் அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) தூள். அலுமினா மாலிப்டினத்தைப் பிடித்துக்கொள்ளும். அதிலிருந்து பிறக்கும் டெக்னீசியத்தை சலைன் என்ற உப்பு நீர் கழுவிக்கொண்டு போகும். ஒரு முனையில் 0.9 சதவீத சலைன் குப்பியையும், மறுமுனையில் காற்று உறிஞ்சி எடுத்த குப்பியையும் செருகினால், வெற்றிடமே சலைனை இழுத்துவிடும். சில நிமிடங்களில் தண்ணீர் போல நிறமற்ற சோடியம் பெர்டெக்னடேட் என்ற டெக்னீசிய உப்புக் கரைசல் கைக்கு வரும். இதைப் 'பால் கறப்பது' என்போம். ஆனால் இறைக்கிற கிணறு ஊறும் என்பதே இதற்கு இன்னும் பொருத்தம்: கறந்த 6 மணி நேரத்தில் ஏறக்குறையப் பாதி திரும்ப ஊறும், சுமார் 23 மணி நேரத்தில் உச்சத்தைத் தொடும். கறவை குறைந்தால் முதலில் பார்க்க வேண்டியது குப்பியின் வெற்றிடத்தை.

கறந்ததை அப்படியே ஊசியில் ஏற்றுவதில்லை. மாலிப்டினமும் சேர்ந்து கசிந்திருக்கிறதா என்று பார்க்கக் குப்பியைத் தடித்த காரீயக் குடுவைக்குள் வைத்து அளப்போம். டெக்னீசியத்தின் கதிரைக் காரீயம் தடுத்துவிடும், மாலிப்டினத்தின் 740 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிர் ஊடுருவி வந்து காட்டிக்கொடுக்கும். ஒரு மில்லிகியூரி டெக்னீசியத்துக்கு 0.15 மைக்ரோகியூரி மாலிப்டினம் என்பது அமெரிக்க மருந்தியல் தரநூலின் வரம்பு. அலுமினியம் கலந்திருக்கிறதா என்று ஒரு சொட்டை நிறங்காட்டித் தாளில் வைத்துப் பார்ப்பதும் உண்டு.

அடுத்து கிட், அதாவது டெக்னீசியத்தை உரிய உறுப்புக்குக் கொண்டுசேர்க்கும் மருந்துக் குப்பி. எலும்புக்கு எம்டிபி என்ற பொடி, அதோடு ஸ்டானஸ் குளோரைடு என்ற வெள்ளீய உப்பு. பெர்டெக்னடேட்டாக இருக்கும்வரை டெக்னீசியம் எதனோடும் ஒட்டாது. ஸ்டானஸ் அதன் ஆக்சிஜனேற்ற நிலையைக் குறைத்தால்தான் எம்டிபியோடு இணையும். தவறு நேர்வது பெரும்பாலும் இங்கேதான். ஊசி குத்தும்போது ஒரு குமிழ் காற்று உள்ளே போனால் ஸ்டானஸ் வீணாகிவிடும். இணையாமல் நின்ற டெக்னீசியம் தைராய்டுக்கும் இரைப்பைக்கும் உமிழ்நீர்ச் சுரப்பிக்கும் போய், எலும்புப் படத்தில் அவையும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கறக்காமல் விட்டால் திங்கட்கிழமை முதல் கறவையில் டெக்னீசியம்-99 ஏராளமாகச் சேர்ந்திருக்கும். அதுவும் வேதியியலில் அதே உலோகம் என்பதால் ஸ்டானஸைப் பங்கு போட்டுக்கொள்ளும். மூளை ஸ்கேனுக்கான எச்எம்பிஏஓ போன்ற கிட்டுகளில் ஸ்டானஸ் மிகக் குறைவு. அதனால் 24 மணி நேரத்துக்குள் ஒருமுறை கறந்த ஜெனரேட்டரிலிருந்து, புதிதாகக் கறந்ததைத்தான் அவற்றில் சேர்க்க வேண்டும்.

நோயாளிகளுக்குக் கட்டுரை சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. ஊசி போட்ட பிறகு 2 முதல் 4 மணி நேரம் காத்திருக்கச் சொல்வது மருத்துவமனையின் மெத்தனம் அல்ல. எலும்பில் ஒட்டாதது சிறுநீரகம் வழியாக வடிந்தால்தான் படம் தெளிவாக விழும். அந்த நேரத்தில் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் (நீர் அளவோடு குடிக்கச் சொல்லப்பட்டவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்). படுக்குமுன் சிறுநீர் கழித்துவிட வேண்டும். நிரம்பிய சிறுநீர்ப்பை இடுப்பெலும்பை மறைத்துவிடும். உடையில் ஒரு சொட்டுச் சிறுநீர் பட்டாலும் அது படத்தில் கரும்புள்ளியாகி நோய் பரவியது போலத் தெரியும். ஊசி போடும்போது வலித்தாலோ வீங்கினாலோ அப்போதே சொல்லுங்கள்: இரத்தக் குழாய்க்கு வெளியே கசிந்த மருந்து அக்குள் நிணநீர்க் கணுவில் போய்த் தங்கி, இல்லாத நோயைக் காட்டும். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் உள்ளவர்களும் பாலூட்டும் தாய்மாரும் ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

தட்டுப்பாட்டின் வேர் மருத்துவமனைக்கு வெகு தொலைவில் இருக்கிறது. உலகின் மாலிப்டினம்-99-இல் பெரும்பகுதி, விரல்விட்டு எண்ணக்கூடிய சில ஆராய்ச்சி அணு உலைகளில் யுரேனியத்தைப் பிளந்து எடுக்கப்படுவது. கனடாவின் சாக் ரிவர் உலை கனநீர்க் கசிவால் 2009 மே முதல் 2010 ஆகஸ்ட் வரை நின்றது; அதே 2010-இல் நெதர்லாந்தின் பெட்டன் உலையும் பழுதுபார்ப்புக்காக மூடப்பட, பல நாடுகளில் ஸ்கேன் தேதிகள் தள்ளிப்போயின. சாக் ரிவர் உலை 2018-இல் நிரந்தரமாக மூடப்பட்டுவிட்டது. நோயாளி வராமல் போனால் அன்றைக்கு அவருக்காக அளந்த டோஸ் மாலைக்குள் வீண். வர முடியாதென்றால் முந்தின நாளே தொலைபேசியில் சொன்னால், காத்திருக்கும் இன்னொருவருக்கு அது பயன்படும்.

அடுத்த இதழில் திருத்தம் வெளியிடும்போது, அரை ஆயுட்காலம் 6 மணி நேரம் என்பதோடு, தனிமத்தின் பெயரை 'டெக்னீசியம்-99எம்' என்று எம் விடுபடாமல் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
அணு மருத்துவத் தொழில்நுட்பப் பணியாளர்கள் சிலர்,
மதுரை.