கப்பலேறும் தாய் தகப்பன்மாருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

கனடாவில் உள்ள பிள்ளைகள் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இருக்கும் தாய் தகப்பனைக் கரீபியன் உல்லாசக் கப்பலில் அனுப்ப விரும்பினால், அறை பதிய முன் விசாவைப் பார்க்கட்டும். அமெரிக்காவின் மியாமியில் ஏறிப் பஹாமாஸ் தீவுகளைத் தொட்டுத் திரும்பினாலும் அது அமெரிக்காவுக்குள் இரண்டாம் தடவை நுழைவதுதான். இலங்கைக் கடவுச்சீட்டில் ஒருதடவை நுழையும் விசா மட்டும் இருந்தால் ஏறும் இடத்திலேயே மறித்துவிடுவார்கள். தீவுகளின் விதிகளும் வெவ்வேறு. பிள்ளையின் கனடாக் கடவுச்சீட்டுக்குக் கிடைக்கும் சலுகை பெற்றோருக்கு வராது.

365 மீற்றர் நீளமான 'ஐகான் ஒஃப் த சீஸ்' என்ற உல்லாசக் கப்பல் கூட ஆடும். நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை எடுத்தால் ஆட்டம் குறைவு. துறைமுகத்தில் ஒப்படைக்கும் பெட்டி அறைக்கு வரப் பின்னேரமாகலாம். பிறஷர், சலரோகக் குளிசைகள் கைப்பையில் இருக்கட்டும். பெட்டிக்குள் அயன்பொக்ஸ், கேத்தில் கண்டால் தீப் பயத்தில் எடுத்துவைத்துவிடுவார்கள். (தேத்தண்ணி மேல்தளத்தில் தாராளம்.)

கடலில் போனை 'ஃபிளைட் மோட்'டில் வையுங்கள். செய்மதி இணைப்பில் தானாக ஒட்டினால் பில் எகிறும். தீவில் இறங்கும்போது போன் காட்டும் நேரத்தை நம்பவேண்டாம். கப்பலின் நேரம் வேறாக இருக்கலாம், பிந்தினால் கப்பல் காத்திராது. அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவில்தான் போகவேண்டும்.

ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை கரீபியனில் புயற்காலம். மலிவு விலை பெரும்பாலும் அப்போதுதான் வரும்.

இப்படிக்கு,
வாசகர், பரந்தன்